மலைக்குப் போன பூதம்

மூன்றாவது நாளாக அஃப்ஷா குழந்தைகள் காப்பகத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டாள். அம்மா சைராவின் புர்காவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கத்தலில், பக்கத்துக் கட்டடத்தின் தையல் மிஷின் சத்தமே அமுங்கிப்போனது. நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு தொண்டை!

"பூதம் அங்க இருக்குது அம்மி! ஜன்னல் வழியா பாக்குது!"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்பவள் சோபனா. முந்தாநாள் சைரா வேலைக்குப் போகாமலே பிள்ளையோடு வீடு திரும்பினாள். நேற்றும் அப்படியே.

"இன்னிக்கும் வீட்டுக்குப் போனா நாளைக்கு வரவே வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு அக்கா. எங்க வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்," என்றாள் சைரா. "அப்படி இன்னா கதை சொன்னீங்க இவளுக்கு?"

என்ன கதை! நார்வே கதை. அந்த நாட்டிலிருந்து இந்தக் கம்பெனியில் ஷூ வாங்குகிறவர்கள் போன மாதம் ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகம் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் அந்த ஊர் நாட்டுப்புறக் கதைகள். வெல்ஃபேர் ஆபீசர் ஆரோக்கியமேரி ஒன்றைப் புரட்டிய உடனே முகம் சுளித்தார்.

"தலைய வெட்டுறது, ரத்தம்... சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் ஆவுமா? பாத்து சொல்லும்மா."

சோபனாவும் பார்த்துத்தான் சொன்னாள். அங்கேதான் வந்தது வினை. தொலைந்த மாட்டைத் தேடிப்போன ஒரு சிறுமி, மாட்டைத் திருடிய மூன்று தலைப் பூதத்தின் தலைகளை வாளால் வெட்டிவிட்டு, மாட்டை வீட்டுக்கு ஓட்டிவருகிறாள். இதுதான் புத்தகத்தில் இருந்தது. சோபனாவுக்கு வெட்ட மனசு வரவில்லை. பூதம் சாரி சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டதாக முடித்தாள். எந்த மலை என்று ஒரு வாண்டு கேட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டிவிட்டாள்.

சத்தம் கேட்டு ஆரோக்கியமேரி வேகமாக வந்தார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா? மொதல்ல அந்தப் பெட்டிய பூட்டி ஸ்டோர்ல போடு!"

சோபனா சாவியை எடுத்தாள். பெட்டியைப் பூட்டிவிட்டால் பயம் போய்விடுமா? அவள் அஃப்ஷாவின் முன்னால் மண்டியிட்டாள்.

"அது தூங்கிட்டிருக்கும்டா. ஒண்ணும் பண்ணாது."

"அதுக்கு மூணு தலை, மிஸ்," என்று விம்மினாள் அஃப்ஷா. "ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சிட்டிருக்கும்."

சோபனாவுக்குச் சுருக்கென்றது. அடிப் பாவி, பூதத்தை உயிரோடு அனுப்பிவைத்தவள் நீதானே! அவள் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை உருவினாள்.

"சோபனா! மறுபடியும் அதையா?"

"அஞ்சு நிமிஷம் மேடம்," என்றவள் குழந்தையின் பக்கம் திரும்பினாள். "அஃப்ஷா, மிஸ் பொய் சொல்லிட்டேன். அது மலைக்குப் போகவே இல்ல. இதோ, படத்த நீயே பாரு."

வெட்டுப்பட்ட தலைகள் புல்லில் கிடந்தன. அஃப்ஷாவின் அழுகை பாதியில் நின்றது. புர்காவிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலை வைத்து எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. மறுபடியும் எண்ணினாள்.

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஜாஸ்தியா?"

"ரொம்ப ஜாஸ்தி."

"யா அல்லா!" என்றாள் சைரா. ஆரோக்கியமேரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப மலைல யாரு?"

"யாருமில்லடா. ஆடு மேயுது, அவ்ளோதான்."

அஃப்ஷா இன்னொரு கையையும் விட்டாள். மெதுவாக உள்ளே போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து, நுனிக்காலில் எம்பி, மலையை நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மி, நீ போய் மிஷின்ல ஒக்காரு. அது செத்துப்போச்சு."

சைரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் கட்டடத்துப் பக்கம் ஓடினாள். சோபனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன இருந்தாலும் சின்னப் பசங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்திதான்," என்று முணுமுணுத்தார் ஆரோக்கியமேரி.

அஃப்ஷா ஓடிவந்து சோபனாவின் மடியில் ஏறி, புத்தகத்தைப் பிரித்தாள்.

"மிஸ், இன்னொரு தடவ வெட்டுங்க!"