ஏணியம்மா கை வைத்த இடம்

"உனக்காக நான் என்ன ஜெபிக்கட்டும்?"

கேட்டவள் வெளிநாட்டுக்காரி. அவள் தன் மொழியில் கேட்டாள். பக்கத்தில் நின்ற மாமா எங்கள் மொழியில் சொன்னார். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம், மேலே தொங்கும் விளக்கு தலையில் இடிக்காதபடி குனிந்து நின்றுகொண்டு, பதில் வாங்காமல் நகரமாட்டேன் என்கிற மாதிரி என்னையே பார்த்தாள். எனக்கு வாய் வரவில்லை. யாராவது நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்கு எப்போதுமே வாய் வராது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி. தெருவில் எனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர்.

மாமா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரே அவளிடம் ஏதோ சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவ எங்கே வாய் திறக்கப்போறா? நல்ல மாப்பிள்ளையா ஒருத்தன் வரணும்னு நானே சொல்லிட்டேன்."

அவள் அதை நம்பி, இஸ்திரி நீராவிக்கு நடுவே கண்ணை மூடி, எவனோ ஒருவனுக்காக நெடுநேரம் உருகி ஜெபித்தாள். அடுத்த மேசையில் அம்மா படுக்கை விரிப்பை உதறுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டு குலுங்கியது.

எனக்கு மாப்பிள்ளை வேண்டாம். அந்தத் துண்டுக்கு அடியில் இருப்பதை யாராவது ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் சபைக்கு வருஷத்துக்கு ஒரு முறை அயல்நாட்டிலிருந்து ஒரு குழு ஊழியத்துக்கு வரும். இரண்டு வாரம் இருப்பார்கள். பகலில் சபைக் கூடத்துக்கு வண்ணம் அடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். சாயங்காலம் கூட்டம் வைத்து, வருகிறவர்கள் மேல் கை வைத்து ஜெபிப்பார்கள். அவர்கள் அடிக்கிற வண்ணத்தில் பாதி சுவருக்குப் போகும், மீதி அவர்கள் தலைக்குப் போகும். இந்த முறை வந்தவர்களில் இவள் ஒருத்திதான் ஏணியில் ஏறாமலே கூரை ஓரம் வரைக்கும் அடித்தாள். அன்றைக்கே பிள்ளைகள் ஏணியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தன் நாட்டில் அவள் நர்ஸ். ஆனால் இங்கே யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று குழுத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காய்ச்சலோடு வந்த பிள்ளையைக்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினாள்.

அம்மாவும் நானும் வேலை செய்யும் சலவைக்கடை சபைக் கூடத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், மேசைத் துணிகள் எல்லாம் எங்களிடம் வரும். உள்ளே நின்றால் நாமே வெந்துவிடுவோம் என்று தோன்றும். அந்தச் சூட்டில் அம்மா மட்டும் கழுத்தில் துண்டு சுற்றியிருப்பாள். கேட்டால் வேர்வைக்கு என்பாள். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவளுக்குத் தலை துவட்டும்போது நான் பார்த்துவிட்டேன். தொண்டைக்கு இடது பக்கம், பாதி முட்டையை உள்ளே ஒளித்துவைத்த மாதிரி ஒரு கட்டி. அவள் எச்சில் விழுங்கியபோது அது மேலே ஏறி இறங்கியது.

"பார்த்துட்டியா? சரி, பார்த்ததோட இருக்கட்டும்" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா."

"உங்க பெரியம்மாவும் கட்டின்னுதான் போனா. நடந்து போனவளைத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க. கத்தி வச்சா முடிஞ்சுது. யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"மாமாகிட்டயாவது சொல்லலாமே."

"உங்க மாமாகிட்ட சொல்றதுக்கு மைக் வச்சுத் தெருவுல சொல்லிடலாம். பண்ணு."

பண்ணினேன். அதன் பிறகு அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் அவள் கழுத்தையே பார்த்தேன். அது நின்றுவிடவில்லை, வளர்ந்தது.

மாமாவைப் பற்றி அம்மா சொன்னது பொய்யில்லை. அவர் அம்மாவின் தம்பி. இளவயதில் கப்பலில் வேலை பார்த்தபோது குழுக்காரர்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். இப்போது சலவைக்கடை வண்டியை ஓட்டுகிறார். குழு வந்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். தலைவர் ஒரு வரி பேசினால் மாமா மூன்று வரி பேசுவார். இடையில் கப்பல் கதையும் ஒன்று வரும். ஆனால் எங்கள் ஆட்கள் தங்கள் வியாதியைக் கண்ணீரோடு விவரமாகச் சொன்னால், அதை அந்தப் பக்கம் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

ஒரு சாயங்காலக் கூட்டத்தில் விடுதிக் காவல்காரர் முன்னால் வந்து தன் வலது முட்டியைத் தொட்டுக் காட்டினார். ஏணியம்மா தரையில் மண்டியிட்டு அந்த முட்டியில் கை வைத்தாள். வைத்தவள், பழக்கதோஷத்தில் அதை அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, எனக்கு இல்லைங்க" என்றார் காவல்காரர். "எங்க வீட்டுக்காரிக்கு. அவளால படி ஏற முடியலை. என் முட்டி கல்லு மாதிரி இருக்கு, இதுல என்னத்தைத் தேடுறீங்க?"

கூடமே சிரித்தது. போதகர் எழுந்து, இது எங்கள் சபைப் பழக்கம் என்று விளக்கினார். வர முடியாதவருக்குப் பதிலாக வீட்டு மனுஷர் வந்து நிற்பார். நோவு இருக்கிற இடத்தைத் தன் உடம்பிலேயே காட்டுவார். ஏணியம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு முன்னால் வருகிற ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கா, வேறு யாருக்காகவா?" என்று கேட்கச் சொன்னாள்.

அந்தக் கேள்வி மறுநாள் முழுக்க என்னோடு விரிப்பு மடித்தது. நான் வாய் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன்.

கடைசிச் சாயங்காலம். புது வண்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அம்மா வழக்கம்போலக் கடைசி வரிசையில், துண்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து முன்னால் நடந்தேன். எனக்குத் தெரிந்து அந்தக் கூடத்தில் நான் அத்தனை தூரம் தனியாக நடந்ததில்லை.

"பார்றா, யார் வர்றான்னு" என்றார் மாமா. "மாப்பிள்ளை கிளம்பிட்டானான்னு கேக்க வந்தியா?"

சிரிப்பு அடங்கியதும் ஏணியம்மா கேட்டாள். மாமா சொன்னார்: "உனக்கா, வேற யாருக்காவதான்னு கேக்கறாங்க."

நான் அவள் கையை எடுத்து என் தொண்டைக்கு இடது பக்கம் வைத்தேன்.

அவள் கண்ணை மூடி ஆரம்பித்தாள். அந்தக் கையில் வண்ணம் காய்ந்து சொரசொரத்தது. கொஞ்ச நேரத்தில் அவள் ஜெபம் தயங்கியது. விரல்கள் நகர்ந்தன. அது ஜெபிக்கிறவளின் கை இல்லை, நர்ஸின் கை. விழுங்கு என்று தன் தொண்டையில் காட்டினாள். விழுங்கினேன். அங்கே ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். என் பார்வையோடு அவள் பார்வையும் போனது. அந்தப் புழுக்கத்தில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தது ஒரே ஒருத்திதான்.

ஏணியம்மா மறுபடி கண்ணை மூடி, மெதுவான குரலில் ஜெபத்தை முடித்தாள்.

"இவளுக்குப் பேச்சு வரணும்னு கேக்கறா போல" என்று மாமா கூட்டத்துக்கு விளக்கினார். "வந்துட்டா அப்புறம் நிறுத்த முடியாது, பார்த்துக்குங்க."

எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏணியம்மா தங்கள் அறை விரிப்புகளை அள்ளிக்கொண்டு தானே சலவைக்கடைக்கு வந்தாள். மாமாவைக் கூட்டிவரவில்லை. மூட்டையை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். தன் தொண்டையைத் தொட்டாள். பிறகு அம்மாவைக் காட்டினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே இடத்தைத் தேய்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக்கூடப் பொசுக்காதவள். அன்றைக்குத்தான் கருகல் வாசனை வந்தது. ஏணியம்மா எட்டி, இஸ்திரிப் பெட்டியை மெல்லத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

அம்மா அந்தப் பழுப்புத் தழும்பையே பார்த்தாள். பிறகு அவளே துண்டை அவிழ்த்தாள்.

ஏணியம்மா முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் நின்று இரண்டு கையாலும் தொட்டாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள். கடைசியில் அம்மா எதிரே உட்கார்ந்து நிறையப் பேசினாள்.

"என்னடி சொல்றா?"

"தெரியலைம்மா."

"மூஞ்சியைப் பார்த்தா நல்லதா தெரியுதா, கெட்டதா தெரியுதா?"

எனக்கு அதுவும் தெரியவில்லை. அம்மா துண்டை மடியில் வைத்துப் பிசைந்தாள்.

"போய் உங்க மாமாவைக் கூட்டிட்டு வா."

"மாமாவையா?"

"மைக்கைத்தான்டி சொல்றேன். போ."

மாமா வாசலிலேயே ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டு நுழைந்தார். அக்காவின் கழுத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அன்றைக்குத்தான் அவர் ஒழுங்காக மொழிபெயர்த்தார். அவள் ஒரு வரி சொன்னால் இவரும் ஒரு வரி.

"இங்கே அவங்க வைத்தியம் பார்க்கக் கூடாதாம். அதனால இதை ஒரு கூடப்பிறந்தவ சொன்னதா எடுத்துக்கணுமாம். தொட்டுப் பார்த்ததை வச்சு என்னன்னு சொல்ல முடியாதாம். இந்த மாதிரிக் கட்டி நிறையப் பேருக்கு ஆபத்தில்லாததாத்தான் இருக்குமாம். ஆனா சோதிச்சுத்தான் ஆகணுமாம். இந்த வாரமே."

"கத்தியான்னு கேளு."

கேட்டார். "இருக்கலாமாம். பொய் சொல்ல மாட்டாங்களாம்."

பிறகு மாமா, "எத்தனை நாளா?" என்றார்.

"அது அவ கேக்கறாளா, நீ கேக்கறியா?"

"நான்தான்க்கா" என்றார் மாமா.

அன்று மத்தியானம் குழு கிளம்பிப்போயிற்று. வண்டியில் ஏறுமுன் ஏணியம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முழங்கையில் ஒட்டியிருந்த வண்ணம் என் சட்டையில் ஒரு செதிலாக வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "கையில அடிச்சு சத்தியம் பண்ணினியே."

"நான் வாயே திறக்கலையேம்மா."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மாமா வழியாகச் சொன்னாள். "அந்த வக்கீலம்மாகிட்டச் சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு." நான் பக்கத்திலேயே நிற்பேன். மாமா என் பக்கம் திரும்பி, "சாப்பாடு ஆறுதாம்" என்பார். "சாப்பிட்டுட்டேன்னு சொல்லுங்க மாமா" என்பேன். அவர் சலிக்காமல் அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

ஆஸ்பத்திரிக்கு அவர்தான் அழைத்துப்போனார். தெரு சும்மா இருக்குமா? வண்டி தினமும் அந்தப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு ரொட்டிக்கடைக்காரர் காரணம் கேட்டார்.

"எனக்கு மூலம்" என்றார் மாமா, நாலு பேர் காதில் விழும்படி. "பயமா இருக்கு, அக்காவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

இன்றுவரை தெருவில் அவரைப் பார்த்து உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள்.

ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். பயப்பட வேண்டிய ஜாதிக் கட்டி இல்லை, ஆனால் விட்டுவைக்கவும் கூடாது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அம்மா அவரிடம் எங்கள் பெரியம்மா கதையை முழுக்கச் சொன்னாளாம். அவர் முழுக்கக் கேட்டாராம். அப்புறம்தான் நாள் குறித்தாராம்.

அந்த நாள் காலையில் மாமா வண்டியைச் சலவைக்கடை வாசலில் நிறுத்தினார். அம்மா உள்ளே வந்து, மேசைகளை ஒரு தரம் பார்த்தாள். கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். வாசலில் ரொட்டிக்கடைக்காரர் நின்றிருந்தார், காவல்காரர் நின்றிருந்தார். கட்டி எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

என் முன்னால் வந்து நின்றாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த என் கையை எடுத்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கையைக் கொண்டுபோய்த் தன் தொண்டைக்கு இடது பக்கம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

என் கை சூடாக இருந்தது. அவள் விழுங்கினாள். கட்டி என் விரலுக்கு அடியில் ஏறி இறங்கியது. எனக்கு ஜெபம் சொல்ல வராது. ஆனால் அன்றைக்கு வாய் வந்தது. நான்கைந்து வார்த்தைதான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அம்மா கண்ணைத் திறந்தாள். என் கையை விட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.