அப்பா ஆடிய கேசட்

திரையில் செலியா தன் வலது கையை கேமராவுக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. "மெஷின் தின்னுடுச்சு. துணியில ரத்தம் பட்டுடுச்சுன்னு முதலாளி அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டான்" என்றாள். சுற்றியிருந்த தையல்காரிகள் சிரித்தார்கள். அழ நேரமில்லாதவர்களின் சிரிப்பு.

சான் அன்டோனியோவில், பல்கலைக்கழக நூலகத்தின் குளிரூட்டிய அறை அது. ஒஃபேலியா பாரியென்டோஸ் ஆயுள் முழுக்கச் சேர்த்த காகிதங்களும் கேசட்டுகளும் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்கியிருந்தன. படம் எடுத்தவள், பேராசிரியை, ஊர்வலம் என்றால் முதல் வரிசையில் நிற்பவள். எண்பதைத் தாண்டியும் நாக்கு மழுங்கவில்லை. அவளைக் காரில் கூட்டிவந்த மகள் இர்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புரொஃபசர், நம்மகிட்ட இருக்கறதிலேயே இதுதான் பெரிய சொத்து" என்றாள், எல்லாவற்றையும் அடுக்கி எண் போடும் மரிசா. "ஆனா கடைசியில வேற என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. மாணவர்கள் பாக்கற பிரதியில அது இருக்கட்டுமா, எடுத்துடவா?"

தையல்காரிகள் மறைந்தார்கள். படம் ஒருமுறை நடுங்கியது. காகிதத் தோரணத்துக்குக் கீழே ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை கவுனில் பதினைந்து வயது இர்மா மூச்சு வாங்க நின்றாள். அவளுக்கு எதிரே, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி அவள் அப்பா சில்வெரியோ. ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது.

பதினைந்து முடிந்த மகளோடு, பிறந்தநாள் விழாவில், தகப்பன் ஆடும் வழக்கமான ஆட்டம். அதற்காக அந்த மனிதர் சமையலறையில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு காலடி பழகினார். அந்தக் குளிர்காலமே போய்ச் சேர்ந்துவிட்டார். கேசட் எங்கே என்று கேட்டபோதெல்லாம், வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது என்பாள் அம்மா. நூலகத்துக்கு அனுப்பப் பெட்டி கட்டியபோதுகூட இர்மா ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்த்திருந்தாள்.

"தொலைஞ்சு போச்சுன்னியே."

"அன்னிக்குப் புதுக் கேசட் வாங்கலாம்னா கடையெல்லாம் மூடிட்டான். வீட்டுல இருந்தது இது ஒண்ணுதான், இது மேலேயே எடுத்துட்டேன். அவளுங்க அன்னிக்குப் பேசினதை மறுநாள் பேசியிருப்பாளுங்களா?"

"அப்பா மறுநாள் ஆடுவாரா?"

இர்மாவுக்குச் செலியாவைத் திட்டவும் வழியில்லை. இந்தப் பேச்சை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டித்தான் அவளுக்கு நஷ்டஈடு கிடைத்தது.

ஒஃபேலியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்கப்பாதான் அலமாரியில இருந்து எடுத்துக் குடுத்தார். இர்மாகிட்ட சொல்லாதே, அவ கல்யாணத்துல திரும்ப ஆடிக்கறேன்னார்."

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அம்மா இப்படித்தான், எந்தக் கூட்டத்திலும் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கும். செத்தவரைச் சாட்சிக்கு இழுத்தால் யார் மறுத்துப் பேச முடியும்? ஆனால் அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அதைத்தான் இர்மாவால் தாங்க முடியவில்லை.

"எடுத்துடும்மா" என்றாள் ஒஃபேலியா, மரிசாவிடம். "படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு அது எதுக்கு?"

மரிசா இர்மாவைப் பார்த்தாள். கேசட்டைக் கொடுத்தவள் ஒஃபேலியா. இர்மா சொல்ல அதில் ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றாள் இர்மா.

கைதட்டல் கேட்டது. சில்வெரியோ கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார். யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பினார். காது தெரிந்தது, கன்னத்தின் ஓரம் தெரிந்தது, நாடா தீர்ந்துவிட்டது.