இடப்பக்கம் வாய் திறந்த நத்தை

எங்கள் அருங்காட்சியகத்தின் பின்னறையில் நாலாயிரம் ஜாடிகள் இருக்கின்றன. எந்த ஜாடியில் எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மனுஷரை இனம் பிரிக்கத்தான் எனக்குத் துப்பில்லை.

எங்கள் ஆராய்ச்சியாளரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பட்டமும் கட்டுரையும் அவருடையவை. ஜாடி கழுவுவது, எரிசாராயம் நிரப்புவது, உள்ளே போடும் விவரச் சீட்டு எழுதுவது என் வேலை. பதினொரு வருஷப் பழக்கம். என் வீட்டில் அடுக்களை வரை உரிமையோடு வருவார். என் மகளுக்கு அவர் பெரியம்மா.

போன மழைக்காலத்தில் எங்கள் குளியலறைச் சுவரில் ஊர்ந்த நத்தையை ஆறு வயது மகள்தான் பிடித்தாள்.

"அம்மா, இதுக்கு வாய் தப்பான பக்கம் இருக்கு!"

பார்த்தால் நிஜம். அந்த வகை நத்தைகளுக்கெல்லாம் ஓட்டின் வாய் வலப்பக்கம், இதற்கு இடப்பக்கம். ஒன்றே ஒன்று என்றால் பிறவிக் கோளாறு என்று விட்டிருப்போம். அவள் தேடித் தேடி ஒன்பது பிடித்தாள். ஒன்பதும் அப்படியே. அக்கா அவளைத் தூக்கிச் சுற்றினார்.

"புது இனம்டி குட்டி! உன் பேரையே வெச்சிடறேன் பாரு."

மகள் வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள். தினமும் மாலையில் ஒரே நச்சரிப்பு: "பேரு வெச்சாச்சாம்மா?"

கட்டுரை அச்சாகி வந்தது. நத்தைக்கு எங்கள் அருங்காட்சியக இயக்குநரின் பெயர். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். எங்கள் குளியலறை, 'ஈரமான சுவர்' ஆகியிருந்தது.

"என்னக்கா இது?"

"பதவி உயர்வு லிஸ்ட் அவர் மேஜையிலதான் இருக்கு. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"பேரு போகட்டும். கண்டுபிடிச்சது அவதானே?"

"குழந்தைதானே, மறந்துடுவா. நீ சீட்டை எழுது."

"நான் எழுத மாட்டேன்."

"ரொம்பப் பண்ணாத," என்று தானே பேனாவை எடுத்து எழுதி, சீட்டை நத்தை ஜாடிக்குள் போட்டு மூடினார்.

பேனா மை எரிசாராயத்தில் கரைந்துவிடும், பென்சில்தான் நிற்கும். அவருக்குத் தெரியாததில்லை. எல்லாம் நானே எழுதி எழுதி, அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கரையட்டும் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் அலமாரியைத் திறந்தேன். ஜாடி வெளிர்நீலமாக இருந்தது, சீட்டு வெறும் வெள்ளை. எங்கே கிடைத்தது, யார் பிடித்தது என்று தெரியாத உயிர் எங்கள் அறையில் குப்பைக்குச் சமம். எத்தனையோ ஜாடிகளை நானே கொட்டியிருக்கிறேன். ஆனால் இது என் பிள்ளை சோப்பு டப்பாவில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது.

எரிசாராயத்தை மாற்றினேன். புதுச் சீட்டில் பென்சிலை அழுத்தி எழுதினேன். இனத்தின் பெயர், கட்டுரையில் உள்ளபடியே. அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. கிடைத்த இடம், எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர். கண்டெடுத்தவர், என் மகளின் பெயர், வயது ஆறு. அக்கா பார்த்தால் என் வேலைக்கே உலை வைப்பார். வைக்கட்டும்.

மாலையில் வழக்கமான கேள்வி வந்தது.

"உன் பேரை எழுதியாச்சு," என்றேன்.

குதித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பெரியம்மாவே எழுதினாங்களா?"