இரண்டாவது கையொப்பம்

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு தனேஸ்வரி நுண்ணலை வடிகட்டிகளை வடிவமைத்தாள். வேண்டிய அலைகளை விட்டு மற்றவற்றைத் தடுக்கும் அந்தச் சுற்று, நகத்தைவிடச் சிறிய சில்லுக்குள் அடங்க வேண்டும். அதிலுள்ள சுருள் விழுங்கும் ஆற்றலை டிரான்சிஸ்டர் ஈடுகட்டும். ஈடு அளவை மீறினால், சுற்று தானாகவே அலைகளை எழுப்பி அலறத் தொடங்கிவிடும்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் வரைபடம் உற்பத்திக்குப் போக வேண்டும். எந்த அலை எவ்வளவு கடக்கும் என்று காட்ட, கணினி திருத்தித் திருத்தித் தந்த வளைகோட்டில் குறை தெரியவில்லை. படிவத்தில் வடிவமைத்தவரும் சரிபார்த்தவரும் கையொப்பமிட வேண்டும். சரிபார்த்து வந்த சிவநேசனை நிறுவனம் ஆறு மாதங்களுக்கு முன் நீக்கியது. இரண்டு கையொப்பங்களையும் ஒருவரே இடலாம் என்று விதியையும் மாற்றியது. இந்த வெட்கக்கேட்டிற்குச் 'செயல்திறன்' என்று பெயர் சூட்ட அவர்கள் கூசவில்லை.

முதல் கையொப்பத்தை இட்டாள். இரண்டாவதற்குக் கை எழவில்லை. இப்போது ரவாங் ஊரிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்க்கும் சிவநேசனை அழைத்தாள்.

"என்ன தனேஸ், திட்டுறதுக்கு ஆள் இல்லாம போரடிக்குதா?"

"கோடு ரொம்ப அழகா இருக்கு சிவா. அதான் பயமா இருக்கு."

"எதுவரைக்கும் ஓட்டிப் பார்த்த?"

"ரெண்டுலருந்து ஆறு கிகாஹெர்ட்ஸ். கேட்டதே அவ்வளவுதான் லா."

"வாசல மட்டும் பார்த்துட்டு கொல்லையில பாம்பு இல்லங்கிற. நாப்பது வரைக்கும் ஓட்டு. வேலைக்கு மணி அடிச்சிட்டான், வைக்கிறேன்."

ஓட்டினாள். பதினொன்று கிகாஹெர்ட்ஸில் முள்போல ஒரு கோடு செங்குத்தாக எழுந்தது; சுற்று அலறும் இடம் அது. ஆறுவரை மட்டும் கேட்டதால், கணினி அதுவரை மட்டுமே ஒழுங்காக வைத்திருந்தது.

மேலாளர் முகுந்தனிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"பதினொன்ன யாரும்மா கேட்டா? கையெழுத்தப் போடு."

"சில்லு அலறும் சார். போட மாட்டேன்."

"அப்ப தாமதத்துக்கு நீதான் காரணம்னு எழுதி அனுப்பு. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

அவ்வாறே எழுதி, தன் பெயரையும் இட்டு அனுப்பினாள். சிவநேசனுக்குச் சொல்லலாமென்று மீண்டும் அழைத்தாள். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பூட்டி வைத்துவிடுவார்கள் போலும், மணி அடித்து ஓய்ந்தது.

டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் குறைத்து மறுபடியும் ஓட்டினாள். பதினொன்றில் முள் அடங்கியது. பதினேழில் வேறொன்று முளைத்தது.

"பதினேழு" என்று, சிவநேசன் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் வாய்விட்டுச் சொன்னாள். வெளியே செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று கடந்துபோனது. மின்னோட்டத்தை மேலும் சிறிது குறைத்தாள்.