அத்தா சேர்த்த நாற்பது கடைகள்

இன்ஷாவின் திட்டத்தை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார் சாரணர் தலைவி ஜெனிவீவ். முதல் இரண்டு தடவையும் தேதிக் குழப்பம். இந்தத் தடவை ஓரத்தில் ஒரே கேள்வி: 'இதில் எத்தனை கடைக்கு நீயே நேரில் போனாய்?'

ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த விருதைப் பெற, பதினேழு வயது இன்ஷா ஒரு சமூக சேவைத் திட்டத்தைத் தானே தீட்டி நடத்திக்காட்ட வேண்டும். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து தேக்கா சந்தைக்கு நடக்கும் வயதானவர்கள் வழியில் உட்கார இடமில்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். நடைபாதையை அடைக்கக் கூடாது. கடைக்குள்ளேயே வாசலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு, 'இங்கே உட்காரலாம்' என்று அட்டை மாட்டினால்? பத்துக் கடைகள் போதும்.

அதே பகுதியில் துணிக்கடை வைத்திருக்கும் தன் தந்தை, அத்தா அப்துல் கஃபாரிடம் சொன்னதுதான் தப்பு. ஒரே மத்தியானத்தில் போனிலேயே நாற்பது கடைகளைச் சேர்த்துவிட்டார். வேலை மிச்சம் என்று அவளும் பட்டியலை அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டாள்.

"நாப்பது கடைம்மா! திருப்பி அனுப்பிட்டாங்களா? ஏனாம்?"

"இது என் ப்ராஜெக்ட் அத்தா. நான்தான் செய்யணும்."

"நீதானே செய்யுறே? நான் சும்மா போன் போட்டேன் லா."

இவரிடம் என்ன பேச? சனிக்கிழமை படிவங்களோடு அவளே கிளம்பினாள். பட்டியலில் முதல் பெயர், நகைக்கடை கோவிந்தசாமி.

"உங்க அத்தா கேட்டாரு, சரின்னுட்டேன். எதுக்குன்னு கேக்கலம்மா," என்றார் அவர். "நாற்காலியா? இங்க நான் நிக்கவே இடமில்ல."

அடுத்த கடைக்காரர் அவளுக்கு விருது கிடைத்துவிட்டதாக நினைத்து வாழ்த்துச் சொன்னார். அதற்கடுத்தவருக்கு அப்படி ஒரு போன் வந்த ஞாபகமே இல்லை.

இரண்டு சனிக்கிழமை அலைந்ததில் முப்பத்தொரு பெயர்களை அடித்துவிட வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டவை ஒன்பது. பத்தாவதுக்கு யாரைக் கேட்கலாம் என்று பட்டியலைப் புரட்டியபோதுதான் அத்தாவின் கடையே அதில் இல்லை என்பது கண்ணில் பட்டது. நேரே போய்ப் படிவத்தை நீட்டினாள்.

"நம்ம கடைக்கு எதுக்கும்மா ஃபார்ம்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "வாசல் பக்கமா? அங்க ஆஃபர் துணி அடுக்கியிருக்கே. பெருநாள் முடியட்டும், பாக்கலாம்."

இன்ஷாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இதையேதான் அத்தா எல்லாரும் சொல்றாங்க."

படிவத்தை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே 'இடமில்லை' என்று எழுதினாள்.

"அதை எழுதித்தான் ஆகணுமா?"

"ஆகணும். ஜெனிவீவ் மிஸ் கேப்பாங்க."

ஒன்பது கடைகளோடு திட்டத்தை ஜெனிவீவ் ஏற்றுக்கொண்டார். அத்தா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலைப் பசியாறும்போது, "அட்டையை எங்க அச்சடிக்கப்போறே? எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்தி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.