செம்பருத்திப் பூப் போட்ட திரை

கடைசி வளையத்தையும் கம்பியில் கோத்துவிட்டு யூலா நாற்காலியிலிருந்து இறங்கி, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். பச்சைத் துணியில் பொன்னிற இலைகள். தொட்டால் விரலில் சொரசொரக்கும் கனம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மொருகா ஊரில் பழைய திரை தொங்குகிற ஜன்னல் எந்த வீட்டிலாவது உண்டா? தரைக்குப் புது விரிப்பு, நாற்காலிகளுக்கு வார்னிஷ், கண்ணாடி அலமாரியில் யாரும் வாய்வைக்காத கோப்பைகள் வரிசையாக. நாற்பத்தோரு வருஷமாக இப்படித்தான். இந்த வருஷம் மட்டும் வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம், ஞாபகம் தப்பிவரும் அப்பாவுக்குக் குழம்பிவிடும் என்று மகள் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யூலாவும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் எதிர்வீட்டு ஜோசலின் வேலியோரம் நின்று, "என்னக்கா, உங்க வீட்டுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வரலையா?" என்று கேட்டதும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. ஒரு திரைதானே என்று நினைத்துவிட்டாள்.

உள்ளறையிலிருந்து அவள் கணவர் ஆல்ஸ்டன் வந்தார். ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டை நல்லா வச்சிருக்கீங்கம்மா. ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். கிளம்பறேன், என் பொண்டாட்டி தேடுவா."

"நான்தாங்க யூலா."

அவர் மரியாதையாகச் சிரித்தார். "அட, உங்களுக்கும் அதே பேரா?"

ஓடிப்போய் வாசல் கதவைப் பூட்டினாள். அவர் கைப்பிடியைத் திருகினார், இழுத்தார். கையைப் பிடித்த அவளை உதறினார். திரை தொங்குகிற அந்தக் கம்பியைச் சுவரில் அடித்ததே அவர்தான். கல்யாணப் படத்தைக் காட்டினாள், அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசியில் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, தன்னை விட்டுவிடும்படி முன்பின் தெரியாதவளிடம் கெஞ்சுவதுபோலக் கெஞ்சி அழ ஆரம்பித்தார்.

பழைய திரை! காலையில்தான் அதைக் கிழித்து வார்னிஷ் துடைத்திருந்தாள். கொல்லைப்புற வாளியைக் கவிழ்த்துத் தேடியதில் ஒரே ஒரு துண்டு முழுசாகக் கிடைத்தது. ஓரமெல்லாம் வார்னிஷ் கறை, நடுவில் சிவப்புச் செம்பருத்திகள். நாற்காலிமேல் ஏறிப் புதுத் திரைக்கு முன்னால் இரண்டு கையாலும் அதை உயர்த்திப் பிடித்தாள்.

அழுகை நின்றது. அவர் தொப்பியைக் கழற்றினார். தன் வழக்கமான நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

தோள் வலித்தது. கொஞ்சம் இறக்கினாள், அவர் எழுந்துவிட்டார். மறுபடி உயர்த்தினாள், உட்கார்ந்தார். ஊசி, நூல் எல்லாம் உள்ளறையில். போய் எடுக்க வேண்டுமென்றால் துணியை விட வேண்டும். அடுப்பில் பன்றித் தொடை வெந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றி அடிபிடிக்கிற வாசனை மெல்ல வந்தது. தெருமுனையில் கிதாரும் பாட்டுமாக ஆட்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். ஜோசலினைக் கூப்பிடலாம். கத்தினால் இவர் மிரள்வார். எல்லாம் தானே இழுத்து விட்டுக்கொண்டது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக் கையில்லை.

"நீங்க கிளம்புங்கம்மா," என்றார் ஆல்ஸ்டன், கனிவாக. "உங்க வீட்லயும் பண்டிகைதானே? என் பொண்டாட்டி இப்ப வந்துடுவா."

அவள் தலையை ஆட்டினாள். பாட்டு வேலிவரை வந்துவிட்டது. கைகள் நடுங்க, செம்பருத்திப் பூக்களும் ஜன்னலில் நடுங்கின.