பாதி கிட்டார்

1

கிட்டார் சொல்லித்தரும் ஒரு யூடியூப் வீடியோவின் கீழே கிடந்த கேள்வியிலிருந்து வந்த கதை இது. ‘உப்பளத்துல வேலை. விரல் வெடிச்சிருக்கு. கம்பிய அமுக்குனா ரத்தம் வருது. இன்னா பண்ணலாம் சார்?’ யாரும் பதில் போடவில்லை. கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஊர் மரக்காணம் என்று நானே முடிவுசெய்தேன். பூவிழி என்று பெயரும் நான் வைத்ததுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உப்புப் பாத்திகளின் மேல் வெயில் வெள்ளியாய் உருகி…’

வேண்டாம். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே கண் கெட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். பூவிழியின் கணவன் சகாயராஜ் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன். போன வருடம் வாதம் அடித்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. குழறலாக மிஞ்சிய பேச்சையும் அவன் மெல்ல நிறுத்திக்கொண்டான். சோறு வேண்டுமா என்றால் தலையசைப்பான், அவ்வளவுதான். ஆனால் வலது கை நன்றாக இருந்தது. பூவிழி அதைப் பிடித்துக்கொண்டாள். தன் இடது கை கம்பியை அமுக்க, அவன் வலது கை மீட்டினால்?

(சினிமாத்தனமான யோசனைதான். வேறு வழி தெரியாதவர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.)

3

உப்பு வாரி வாரி அவள் உள்ளங்கை காய்த்திருந்தது. கிட்டாருக்கு விரல் நுனி காய்க்க வேண்டும். அதுவோ உப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் போனில் அந்த வீடியோவைப் போட்டுச் சாய்த்து வைத்துப் பழகினாள். ஈ மைனர் என்ற கார்டு வந்தது, இரண்டே விரல். சி-யில் ஒரு கம்பி ஊமையாகவே இருந்தது. ஜி-க்கு விரல் எட்டவில்லை.

பக்கத்து வீட்டு திரௌபதி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “ஏன்டி, புருசன் அப்படிக் கெடக்கறான். உனக்குப் பாட்டு கேக்குதா?”

“அவருக்குத்தான்க்கா.”

ஐப்பசி மழை பிடித்ததும் உப்பளத்தில் வேலை நின்றது. விரல் ஆறியது. சி வந்தது, ஜி-யும் வந்தது.

4

‘அவன் விரல்கள் மெல்ல அசைந்தன. அவள் கண்ணில்…’ என்று எழுதி அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

ஒரு மத்தியானம் அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கிட்டாரை மடியில் வைத்தாள். இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து ஈ மைனரைப் பிடித்தாள்.

“நீங்க சும்மா தட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அவன் வலது கை கம்பிமேல் வந்தது. மீட்டவில்லை. உள்ளங்கையை விரித்து, சத்தம் எழாதபடி அழுத்திக்கொண்டான்.

“வேணாம் பூவு.” எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவன் பேசினான். “நீ பின்னாடி வாசிக்கறப்பல்லாம்… எங் கை செத்துப்போச்சின்னு… தெனம் தெரியுது.”

“அப்ப நான் இன்னாதான் பண்ணட்டும்? சொல்லுங்க.”

அவன் கம்பிமேலிருந்து கையை எடுக்கவில்லை.

5

அவனுக்காக நான் பதில் சொல்லிப் பார்த்தேன். ‘உனக்காகக் கத்துக்கோ.’ பொய், அவள் ஒருநாளும் தனக்காகக் கற்கவில்லை. ‘கிட்டார வித்துடு.’ இதை அவன் சொல்லக்கூடியவன்தான். சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். எங்கே போவாள்? வெளியே பாத்தியும் வரப்பும் தெரியாமல் ஒரே தண்ணீர்.

அதனால் அவர்களை அப்படியே விட்டிருக்கிறேன். கம்பியில் அவள் இரண்டு விரல், மேலே அவன் கை. அந்தக் கையை விலக்க நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்; முடிந்தால் நீங்கள் விலக்குங்கள். அவள் விரல்களை எடுக்கும்படி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.